செய்தியில் முகம் தேடும் பெண்கள்

"செய்தி பார்க்காதையுங்கோ, மனம் கெட்டுப்போகும்" என்று எமது பெண்களுக்குப் புத்தி சொல்வோர் பலர். ஆனால் எமக்குச் செய்தி ஒருபோதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையைச் செய்தியில் கேட்ட பிறகே வெள்ளவத்தையில் பலருக்கு மூச்சு வந்தது.

2009இன் முதல் மாதங்களில் நான் உயர்தர வகுப்பு மாணவி. சித்தி குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தது. அம்மம்மா இரவில் பிபிசி தமிழோசை கேட்டு, வருகின்ற ஊர்ப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுவார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று பெயர்கள் கடற்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டே போயின. வானொலியை நிறுத்துங்கோ என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதை நோய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

இப்போது கொட்டாஞ்சேனையில் நான் சந்திக்கும் தாய்மாரில் ஒருவர், 2011இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய யுத்தக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர். காணாமற்போன மகனின் முகம், இல்லாவிட்டால் கடைசியாகப் போட்டிருந்த சேர்ட், எங்காவது தென்படுமா என்ற தேடல். விடியும்வரை நித்திரையில்லை, நெஞ்சு படபடப்பு, சாப்பாட்டில் வெறுப்பு.

2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தபின் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். அடுத்துவந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான உள நெருக்கீட்டைக் காட்டினார்கள். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு இதை நாம் கண்ணால் கண்டோம். கோயில் பக்கமே போகாத பெண்கள்கூட, தொலைக்காட்சியில் அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பப் பயந்தார்கள். பழைய யுத்தத்தைச் சுமந்த உடம்புக்கு, திரையில் வெடிப்பதும் பக்கத்துத் தெருவில் வெடிப்பதும் ஒன்றுதான்.

ஆகவே அந்தத் தாயிடம் தேடலை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தனியாக, இருட்டில், படுக்கையில் தேடவேண்டாம் என்றுதான் கேட்டேன். இப்போது சனிக்கிழமை பகலில், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறார். புதிதாக ஏதும் படம் வந்தால் மகள் முதலில் பார்த்துச் சொல்கிறாள். மற்ற நாட்களில் பத்திரிகை மட்டும். வாசிப்பதை நடுவில் மடித்து வைக்கலாம், ஓடும் படத்தை அப்படி வைப்பது கஷ்டம். இரவில் தொலைபேசி குசினியில் இருக்கும். மிகவும் முடியாமற்போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.

"இப்பவும் சில இரவு எழும்புறனான் பிள்ளை" என்றார் போன மாதம்.

"எழும்பி என்ன செய்வீங்கள் அம்மா?"

"குசினிக்குத்தான் போவன். போனை எடுக்கிறதில்லை, தேத்தண்ணி போடுவன்."