பல்லாவரத்துப் பிள்ளைகள்: சில குறிப்புகள்

வெளியூரில் யாராவது ஊர் எது என்று கேட்டால் ‘மெட்ராஸ்’ என்போம். மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ அந்தப் பதில் செல்லாது. “பல்லாவரமா? அது செங்கல்பட்டு ஜில்லா இல்லே?” என்பார்கள். எங்கள் வீட்டிலேயே அப்பா ஏதாவது காரியமாகக் கிளம்பினால் “மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்றுதான் சொல்வார். எண்பதுகளில் அங்கே வளர்ந்த எங்களுக்கு, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத ஊர் இது என்றுதான் பெரியவர்களும் பாடப்புத்தகங்களும் சொல்லாமல் சொல்லிவந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்தக் குறிப்புகளை எழுத அதுதான் காரணம்.

*

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. செய்யுளை மறந்துவிட்டு வாத்தியாரிடம் அடி வாங்குகிற பையன்கூட ஸ்டேஷன் வரிசையை மறக்கமாட்டான். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று மூச்சுவிடாமல் சொல்வான். டிக்கெட் அப்போது கெட்டி அட்டை, கட்டைவிரல் அகலம். கவுன்ட்டரில் இருப்பவர் அதை ஓர் இரும்புக் கருவிக்குள் செருகி ‘டக்’கென்று இழுப்பார். தேதி பதிந்து வரும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். பயணம் முடிந்தபின் கேட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் அது எங்கள் சொத்து. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்போம்.

2004-ல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. பெட்டி பெரிதானது, கூட்டத்துக்கு அது அவசியமும்கூட. ஆனால் பழைய வண்டியின் குறுகலில் எதிர் சீட்டுக்காரரின் முழங்காலும் நம் முழங்காலும் இடிக்கும். எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்பதெல்லாம் கிண்டி வருவதற்குள் தெரிந்துவிடும்.

*

குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி. நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக இருந்தன. குரோமியம் உப்பில் ஊறிய தோல் வெளிர் நீலமாக இருக்கும். வெட்டி எறிந்த துண்டுகள் சாலையோரத்தில் ஈரத்தோடு கிடக்கும். அவற்றில் நல்ல துண்டாகப் பொறுக்கி, காயவைத்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டால் உண்டிகோலுக்குக் கல் வைக்கும் பட்டை தயார். கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப் ரப்பர், நடுவில் நீலத் தோல். மெட்ராஸ் பையன்களிடம் அப்படியொரு உண்டிகோல் கிடையாது.

அந்தத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதைக் கிணறுகள் சொல்லின. தொழிற்சாலைகளை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் மஞ்சள் பூத்து வரும். “இந்தத் தண்ணியில பருப்பு வேகாதும்மா” என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் சொல்வார். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். லாரி வரும் நாளில் வாசலில் குடங்கள்தான் முதலில் வரிசையில் நிற்கும், ஆட்கள் பிறகு. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். கிணற்றைக் கெடுத்ததும் அதே தொழில்தான். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கே வாழவேண்டியிருந்தது.

*

கல்குவாரியில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். திரிசூலம், பல்லாவரம் மலைகள் எங்கள் கண்ணெதிரே தேய்ந்துகொண்டே வந்தன. தோண்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். கல்குட்டைக்குப் போனால் காலை உடைப்பேன் என்று மிரட்டாத அம்மா அந்த ஊரில் இல்லை. மிரட்டலில் நியாயம் இருந்தது. அந்தக் குட்டைகளுக்கு ஆழம் தெரியாது, கரையும் கிடையாது.

அதே மலைப்பக்கம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. அவனுடைய பட்டப்பெயர்கள் கல்லிலேயே வெட்டியிருக்கின்றன. இன்று அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். வியாழக்கிழமைகளில் என் சிநேகிதன் வீட்டார் அங்கே போவார்கள், திரும்பும்போது எங்களுக்குச் சர்க்கரை கொண்டுவருவார்கள். மாமல்லபுரத்துக்கு எங்களைப் பஸ் வைத்து அழைத்துப் போன பள்ளிக்கூடத்துக்கு, நடந்து போகிற தூரத்தில் இருந்த இந்தக் குகை ஞாபகம் வரவே இல்லை.

*

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கையில் பிடித்து வெட்டுவதற்காகக் கற்கால மனிதர் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. உலகத்தில் எங்கே இந்தியத் தொல்லியல் படித்தாலும் பல்லாவரம் என்ற பெயரைக் கடந்துதான் போகவேண்டும். அந்த மண்ணில்தான் நாங்கள் முட்டி தேய்த்துக்கொண்டு கிரிக்கெட் ஆடினோம், ஸ்டம்புக்குக் கல் தேடினோம்.

ஃபூட் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘செத்த காலேஜ்’ என்று பெரியவர்கள் சொல்லும் அந்த இடத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். திமிங்கல எலும்புக்கூட்டை வாய்பிளந்து பார்த்தோம். கற்கருவிகள் இருந்த பக்கம் வரிசை நிற்கவே இல்லை. ‘இது உங்க ஊர்க் கல்லுடா’ என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் பையன்களில் ஒருவனாவது வேறு மாதிரி வளர்ந்திருப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

வெள்ளிக்கிழமைச் சந்தை. புறா, பழைய கடப்பாறை, ரோஜாப் பதியன், கருவாடு, ஊசி நின்றுபோன தையல் மிஷின். கலர் மீனைக் குழந்தைகளின் கண்ணுக்கு நேரே வைத்திருப்பார்கள். பாலிதீன் பையில் காற்றை ஊதி முறுக்கிக் கட்டிக் கொடுக்கிற வேகம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே போவேன்.

*

பதின்ம வயதில் உலகம் லெண்டிங் லைப்ரரிக்குள் போய்விட்டது. முதலில் ராணி காமிக்ஸ், பிறகு ராஜேஷ்குமார், பிறகு சுஜாதா. பைண்டு செய்த தொடர்கதையில் இடையே கிழிந்த பக்கத்தை எப்படியாவது யூகித்துக்கொள்ள வேண்டும். 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியின் சுவரோரமாகத்தான் அந்த லைப்ரரிக்கு சைக்கிளில் போவேன். சுஜாதா படித்தது அந்தச் சுவருக்கு உள்ளே. அப்துல் கலாமும் அங்கேதான். இதையும் யாரும் சொல்லவில்லை.

*

பல்லாவரம் பெரிய ஏரியை இப்போது துரைப்பாக்கம் சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்தில் குப்பையைக் கொட்டியே மேடாக்கினார்கள். 2021-ல் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மாநகராட்சி என்று பெயர் வந்ததும் சாலையும் விளக்கும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். இருக்கிற தண்ணீரையும் மிச்சமிருக்கிற மலையையும் அதே குரலில் கேட்க வேண்டும்.

அக்கா பேத்தி பல்லாவரத்திலேயே ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் ஊரைச் சுற்றிக்காட்டத் திட்டம் போட்டிருக்கிறேன். குகை, திரிசூலத்துச் சோழர் காலக் கோயில், ஏரிக்கரை, பிறகு ரயிலேறி எழும்பூர். ஃபூட்டின் கற்களைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சந்தையையும் சேர்க்கச் சொல்கிறாள். அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை, சந்தை கூடுவதும் வெள்ளிக்கிழமை. அதனால் இரண்டு நாளாகப் பிரித்திருக்கிறேன்.