எதிர்நீச்சல் போடும் எல்லை

கூவம் என்று ஓர் ஊர் இருப்பதாகச் சென்னையில் சொன்னால் சிரிப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில், பேரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரியும் வயலுமாக அது இருக்கத்தான் செய்கிறது. அங்குள்ள திரிபுராந்தகர் கோயில் சம்பந்தர் பாடிய தலம், பழம்பெயர் திருவிற்கோலம். அர்ச்சகரும் கைவைக்காத லிங்கம். பெருமழை வருமென்றால் அதன் மேனி வெளுக்கும், போர் வருமென்றால் சிவக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஆற்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர் இது. கிழக்கே போகப்போக அந்தப் பெயரே வசவாகிப் போனதற்கு ஊர் என்ன செய்யும்?

ஆற்றுக்குத் தண்ணீர் இன்னும் மேற்கிலிருந்து வருகிறது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்புகிறது. அணைக்கட்டு இருப்பது இராணிப்பேட்டை மாவட்டம். 2019 வரை வேலூர், அதற்கும் முன்னால் வட ஆற்காடு. ஆறு ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் இராணிப்பேட்டை, திருவள்ளூர், சென்னை என்று மூன்று கலெக்டர்கள்.

மணவாள நகர், புதுச்சத்திரம் வரை இதை ஆறு என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலங்கள் முழுகும். ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் ஒரு பங்கு பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய், சென்னையின் குழாய்களில் ஏறுகிறது. மேலே நல்ல தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, கீழே அதே ஆற்றில் சாக்கடையைக் கலக்கிறது நகரம். இதைவிட மோசமான கொடுக்கல் வாங்கல் உண்டா?

பருத்திப்பட்டு அணைக்கட்டைத் தாண்டினால் திருவேற்காடு. வேல மரக்காடு, வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் இன்றும் வெள்வேல்தான். வேதங்களே வேல மரங்களாக நின்றன என்கிறது தலபுராணம். அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்த பிறகு, சூதாடி ஜெயித்த பணத்தில் அன்னதானத்தைத் தொடர்ந்தவர். நாயன்மார்களில் இவரளவுக்குச் சிக்கலான கணக்கு யாருக்கும் கிடையாது. ஆடி மாதம் கருமாரியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் இந்தச் சிவன் கோயிலை எட்டிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த ஊர் எந்த மாவட்டம் என்ற கேள்விக்கு வயதுக்கு ஒரு பதில் உண்டு. பெரியவர்களுக்குச் செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் தலைமையிடமோ செங்கல்பட்டில் இல்லை. நெடுங்காலம் சைதாப்பேட்டை, 1968 முதல் காஞ்சிபுரம். நடுவயதுக்காரர்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று முகவரி எழுதிப் பழகியவர்கள். 1997-ல் அது இரண்டாகி, இந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டமாயிற்று. சான்றிதழுக்கு மேற்கே போக வேண்டும், சம்பளத்துக்குக் கிழக்கே.

இதற்கெல்லாம் தொடக்கம் ஆற்றின் மறுமுனையில். 1639-ல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது கூவத்தின் வாயருகே ஒரு துண்டு மணல்வெளி. அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். திருவேற்காட்டுக்குக் கூப்பிடு தூரம். அதாவது அன்று அதிகாரம் இங்கே, மணல் அங்கே. பிறகு எல்லை எதிர்நீச்சல் போடத் தொடங்கியது. 1693-ல் எழும்பூர், 1708-ல் நுங்கம்பாக்கம். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி ஜாகீராக எழுதிக் கொடுத்ததில் செங்கல்பட்டுச் சீமையே கம்பெனி கைக்குப் போனது. நகரம் மட்டும் நிதானமாகத்தான் நகர்ந்தது. 2011-ல் மாநகராட்சி அம்பத்தூர், மதுரவாயல், நொளம்பூரை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2018-ல் சென்னை மாவட்டமும் அதே அளவுக்கு விரிந்தது. எல்லைக்கல் திருவேற்காட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. இப்போது இந்த நகராட்சியை ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு. சேர்ந்தால் வரி கூடும் என்ற கவலைதான் டீக்கடையில் கேட்கிறது. ஆற்றைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

மதுரவாயலுக்குக் கீழே வாசனையே வழிகாட்டும். கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு என்று ஆறு வளைந்து போகிறது; பல இடங்களில் ஆற்றோடு தூண்களும் போகின்றன. மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கான பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, 2022-ல் இரண்டடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். முதல் தடவையை நிறுத்தியதற்குச் சொன்ன காரணமே தூண்கள் நீரோட்டத்தை மறிக்கும் என்பதுதான்.

சிந்தாதிரிப்பேட்டையை ஆறு மூன்று பக்கமும் சுற்றி வருகிறது. 1730-களில் கம்பெனி நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். துணிக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. இன்று அந்தப் பாலத்தில் நின்று அப்படி நினைப்பது கஷ்டம். பிறகு தீவுத்திடலை இரு கையால் அணைத்து, 1869-ல் முதலில் கட்டப்பட்ட நேப்பியர் பாலத்தின் கீழே நுழைகிறது.

கடலோ திறந்த கதவாக இல்லை. இந்தக் கரையோரம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1875-ல் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம் கரையைக் கடல் அரித்ததும் அதனால்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது கூவத்தின் வாய். கேசவரத்திலிருந்து வந்த தண்ணீர், வெள்ளக் காலம் போக மற்ற மாதங்களில், மணல் திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது. பொக்லைன் வந்து திட்டை வெட்டிவிட்டுப் போகிறது. நாலு பௌர்ணமி போனால் மறுபடி மூடிக்கொள்கிறது.