வாயில் திறந்த அம்மையார்

எமது கல்லூரியிற் கற்று வைத்தியராய் விளங்குவோர் பலர். அவர்தம் பெயர்கள் இவ்விழா மலரில் நிரம்பியிருத்தல் முறையே. யானோ, அத்துறையிற் பெண்பாலார்க்கு வாயில் திறந்துவைத்த ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றேன்.

அவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1820ஆம் ஆண்டளவில் நம் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடர் ஐயரின் பேர்த்தி. அம்மையாரின் இளமையில், தமிழகத்தில், ஓரிரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையுற்றனர். அவர் தந்தையார் வைத்தியராய் அருகிருந்தும், ஆடவர் தீண்டலாகாதென வீட்டார் மறுத்தனர். மூவரும் மாண்டனர். அதன்பின் அமெரிக்கா சென்று வைத்தியங் கற்று, 1899இற் பட்டம் பெற்று வேலூரில் அமர்ந்தார். தம் கையால் நோய் தீர்ப்பதோடு அமைந்திருப்பின் அவர் நல்ல வைத்தியர், அவ்வளவே. 1918இல் அங்குப் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவினார். கற்கப் பெண்கள் வருவரோவென ஐயுற்றாரும் உளர். முதலாண்டில் வந்த விண்ணப்பங்கள் 151! 1947இல் ஆடவரும் அங்குச் சேர்க்கப்பட்டனர்.

ஓய்வுபெறும் பெரியோர்க்கு வாழ்த்துப்பா வேண்டுவோர் தமிழாசிரியரையே நாடுவர். இருபது ஆண்டாக யானும் இயற்றி வருகின்றேன். வகித்த பதவி, பெற்ற பட்டம், எழுப்பிய மண்டபம் யாவும் குறிப்பாகக் கையில் தரப்படும். எத்துணைப் பெண்களைத் தம் துறைக்கு அவர் கொணர்ந்தார், எவர்க்குத் தம் ஆசனத்தை விட்டுக்கொடுத்தார் என்னுங் குறிப்பு ஒருகாலும் வந்ததில்லை. வெண்பாவில் அடங்காத செய்தியன்று அது. இனி வருவோரிடம் அக்கணக்கையுங் கேட்டே ஏடெடுப்பேன்.