பனியன் நம்பர்

பாலமேடு ஜல்லிக்கட்டில், மாட்டுப் பொங்கலன்று, பத்திரிகைக்காரர்களுக்கென ஒதுக்கிய மேடையில் ஏறியதும் அந்த மூத்த புகைப்படக்காரர் கேமராவை வெளியே எடுக்கவில்லை. மைக் குழாய் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்தார். அவரிடம் தொழில் பழக வந்திருந்த விஸ்காம் மாணவி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மைக்கக் கேளும்மா. கண்ணு தானா பாத்துக்கும்."

ஒவ்வொரு மாடு அவிழ்க்கப்படும்போதும் எந்த ஊர், யார் மாடு என்று அறிவிப்பாளர் சொல்கிறார். படத்துக்குக் கீழே போகும் இரண்டு வரியில் பாதி அதுதான். மீதிப் பாதி, மாடுபிடி வீரரின் பனியனில் இருக்கும் எண். எண் படத்தில் விழுந்துவிட்டால் விழாக் குழுவின் பட்டியலில் பெயரைத் தேடிக்கொள்ளலாம். விழாவிட்டால் அந்தப் படம், அவர் கணக்கில், ஊர் பேர் இல்லாத படம்.

கோயில் காளைகள் முதலில் வந்தன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களைத்தான் அவர் வெளிச்சம் பார்க்க வைத்துக்கொள்கிறார். தை மாதக் காலையில் வாடிவாசலின் வாய் இருட்டு. நாலடி தள்ளி வெயில். ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்கக் கூடாது, அதற்காக ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் சரி என்றார். படத்தில் புள்ளி தட்டுவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. செய்தித்தாளில் அது தெரியாது, நடுங்கிய படம் தெரியும். ஃபோகஸ் மாட்டின் முகத்தில் இல்லை, திமிலில். கை வந்து விழும் இடம் அதுதானே!

உள்ளே மூக்கணாங்கயிறு அறுபட, மாடு பாய்ந்தது. மாணவியின் கேமரா படபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. இவர் எடுத்தது நாலே நாலு.

"விரல எடுக்காம அமுக்குனா, அப்புறம் உக்காந்து தேடுறதுக்கு எவன் நேரம் குடுப்பான்?"

ஓட்ட மாடு ஒரு நொடியில் மேடையைக் கடந்துவிடும். நின்று விளையாடும் மாடு வந்தால்தான் மேடைக்கு உயிர் வருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபின் வந்த பொங்கல்களில் மாடும் இல்லை, ஆளும் இல்லை. 2017-இல் மாடே இல்லாமல், தடையை எதிர்த்த போராட்டக் கூட்டத்தைத்தான் இரவு பகலாக எடுத்தார்களாம்.

குத்துப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேடையிலிருந்த எல்லா லென்ஸும் அந்தப் பக்கம் திரும்பின. மாணவி கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். இவர் எடுத்தார்; ஆனால் தூக்கியவர்களின் முகங்களையும் தொங்கிய ஒரு கையையும் மட்டும். பக்கத்தில் நின்ற எனக்குப் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தாவின் படம் நினைவுக்கு வந்தது. சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர்ஸுக்காக அவர் எடுத்தது. மணலில் குப்புற விழுந்து அழும் பெண்; இறந்த உறவினரின் கை மட்டும் ஓரத்தில். அந்த ஆண்டின் உலகச் சிறந்த பத்திரிகைப் படமாக வேர்ல்ட் பிரஸ் போட்டோ அதைத் தேர்ந்தெடுத்தது. எடுக்கலாமா கூடாதா என்று வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசுகிறோம். எதுவரை காட்டுவது என்பதுதான் களத்தில் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

சுற்று முடிந்ததும் மாணவி தன் படங்களைக் காட்டினார். ஒன்று அபாரம். மாடு நாலு காலும் அந்தரத்தில், திமிலில் தொங்கும் இளைஞன், சுற்றிலும் தேங்காய் நாரும் புழுதியும். குறுக்கே ஒரு மூங்கில் கம்பு.

"இந்தக் கம்ப மட்டும் அழிச்சிரவாண்ணே?"

"அழிச்சா அது கல்யாண ஆல்பம். வெளிச்சத்தக் கூட்டு, ஓரத்த வெட்டு, அத்தோட நிறுத்திக்க."

ராய்ட்டர்ஸ் 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ரா கோப்பிலிருந்து மெருகேற்றிய படமே வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக் போதும் என்று வெளியாள் புகைப்படக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது.

கம்பு கிடக்கட்டும், புழுதியில் பனியன் எண் மறைந்திருந்தது. டெஸ்கிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேறு படத்தை அனுப்பிவிட்டு, "இது போகணும்னா ஆளக் கண்டுபிடிச்சுட்டு வா" என்றார். மாணவி கேமராத் திரையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, களத்தைவிட்டு வெளியேறிய வீரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு இறங்கிப் போனார்.

"அண்ணே, இது நீங்களா? ஊரு எது? இனிஷியல் என்ன?"

அவன் படத்தைப் பார்த்துவிட்டு, தன் சேக்காளிகளையும் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பெயரைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் டெஸ்கிலிருந்து பதில் வந்தது: கேப்ஷன் சரி, நெடுக்குப் படம் ஒன்று உடனே வேண்டும்.