தேயிலை வாசம் பிடித்த சாமான்கள்

ஊருக்குக் கிளம்பப்போகிறோம் என்பது எனக்கு உறைத்தது, தேயிலைப் பெட்டிகள் வந்த அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் மாசக்கணக்காக வீட்டில் அந்தப் பேச்சுதான். தாத்தா போன பிறகு பாளையங்கோட்டை வீட்டில் ஆச்சி தனியாக இருப்பது, அப்பா தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டது, நீல இன்லண்டு லெட்டர்கள் போவதும் வருவதும் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு வேறு, பெட்டி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தள்ளுவண்டி ஒன்று ஹரீஷ் முகர்ஜி ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பி, கடகடவென்று வந்து வாசலில் நின்றது. விளிம்பெல்லாம் தகரப்பட்டை அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள். பக்கத்தில் ஏதோ தோட்டத்தின் பெயரும் எண்ணும் கறுப்பு மையில். அஸ்ஸாமிலிருந்தும் டூவார்ஸிலிருந்தும் கல்கத்தாவுக்குத் தேயிலை சுமந்து வந்த பெட்டிகள், காலியானதும் மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே வெள்ளிக் காகிதம், மூலைகளில் கறுப்புத் தூள். தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். காரமும் கசப்புமாக ஒரு வாசனை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் எங்கள் பித்தளைப் பானையிலும் அம்மாவின் கல்யாணப் பட்டிலும் அப்பாவின் கம்பளிச் சட்டையிலும் அது போகவே இல்லை.

மாடியில் எங்கள் வீடு, கீழே நாங்கள் காக்கிமா என்று கூப்பிட்ட பெங்காலி அம்மாள் வீடு. சிவப்பு சிமென்ட் தரை, பச்சைச் சாயம் உரிந்த சட்டம் சட்டமான ஜன்னல்கள். சாயந்தரமானால் சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளி அடுப்பை வைத்துக் கரி மூட்டுவார்கள். மார்கழிக் குளிரில் அந்தப் புகை மேலே போகாமல் எங்கள் ஜன்னல் உயரத்திலேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வீடாகச் சங்கு ஊதுவார்கள். அது முடிகிற நேரத்தில் கரண்டு போகும். அம்மா அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றிவைத்து, பழைய ஆனந்த விகடனை என் முன்னால் விரிப்பாள். அடுத்த பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத வேண்டுமே. கல்கத்தா பவானிபூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் வாயில் இருந்ததே தவிர விரலுக்கு வரவில்லை. விகடனில் கதையை விட்டுவிட்டு, ஜவுளிக்கடை விளம்பரத்தையும் துணுக்குகளையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் நான் தமிழ் கற்றேன்.

அந்த மாசங்களில் அம்மாவுக்கு நேர்ந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவளுடைய ஏக்கமெல்லாம் ஊர்ச் சாமான்மேல்தான். யார் திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் மணத்தக்காளி வற்றல், கூழ்வற்றல், கருப்பட்டி என்று ஒரு பட்டியல் போகும். மீதிக்கு லேக் மார்க்கெட் இருந்தது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கறிவேப்பிலை, வாழையிலை, அப்போதே அரைத்த காப்பித்தூள், ரெண்டு மூணு நாள் பிந்தி வரும் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் கிடைக்கும். அப்படிப்பட்டவள், கிளம்புகிற தேதி முடிவானதும் ஜதுபாபு பஜாருக்குக் கூடையோடு போக ஆரம்பித்தாள். கோவிந்தபோக் அரிசி, ஐந்து சாமான் கலந்த பாஞ்ச்போடன், செக்குக் கடுகெண்ணெய், தாந்த் சேலை, சிவப்புக் கட்டம் போட்ட காம்சாத் துண்டு. “இது என்னத்துக்கு ஊருக்கு?” என்பார் அப்பா. “அங்க கிடைக்காதுல்லா? பின்ன யாருகிட்ட கேப்பிய?” என்பாள் அம்மா. இத்தனை வருஷமும் கடுகெண்ணெய் வாசத்துக்கு மூக்கைப் பொத்தியவள் அவள்தான்.

அப்பாவுக்கு வேறு ஒரு சந்தோஷம் வந்து வாய்த்தது. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஆசுதோஷ் முகர்ஜி ரோடு பள்ளமும் பலகையுமாகத்தான் கிடந்தது. 1972 கடைசியில் அடிக்கல் நாட்டிய மெட்ரோ ரயில், 1984 அக்டோபர் 24 அன்று ஒருவழியாக ஓடியது. இந்தியாவின் முதல் மெட்ரோ. எஸ்பிளனேடிலிருந்து எங்கள் பவானிபூர் வரைக்கும் 3.4 கிலோமீட்டர், ஐந்தே நிலையங்கள். இன்றைக்கு நேதாஜி பவன் என்கிறார்களே, அதுதான் எங்கள் பவானிபூர் நிலையம். பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு டல்ஹௌசி ஆபீசுக்குப் போய்வந்த மனிதர், இஸ்திரி கசங்காமல் வீடு திரும்பினார். எங்களையும் ஒருநாள் கூட்டிப்போனார். நகரும் படியில் கால் வைக்க அம்மா பயந்து நின்றபோது, பின்னாலிருந்து ஒரு பெங்காலிப் பாட்டி அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அந்த வண்டியை அப்பாவால் ஒரு குளிர்காலம்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பாதிச் சாமான் பெட்டிக்குள் போன நிலையில் பொங்கல் வந்தது. பொங்கலன்றைக்குத்தான் பெங்காலிகளுக்குப் பௌஷ சங்கராந்தி. வாளி அடுப்பை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் மூட்டினோம். அம்மா காய்ந்த அரிசிமாவில் கோலம் போட, காக்கிமா மேலே வந்து, அரைத்த அரிசிமாவில் துணியை நனைத்து விரல்வழியே ஒழுகவிட்டு, அதைச் சுற்றி அல்பனாக் கொடி இழுத்தாள். லேக் மார்க்கெட்டில் மஞ்சள்குலை கிடைத்தது, சிறுகிழங்குதான் கிடைக்கவில்லை. சேப்பங்கிழங்கை வைத்து ஒப்பேற்றினாள் அம்மா. கருப்பட்டியும் தீர்ந்திருந்தது. காக்கிமா ஒரு நொலேன் குட் வட்டை எடுத்துவந்து அம்மா கையில் வைத்தாள். ஈச்சமரத்துப் பதநீரைக் குளிர்காலத்தில் மட்டும் இறக்கிக் காய்ச்சுகிற வெல்லம் அது. அம்மா அதை முகர்ந்து பார்த்து, “நம்ம கருப்பட்டிக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கு” என்றாள். கோவிந்தபோக் அரிசி பாலில் குழைந்து, அந்த வெல்லம் கரைந்து, நெய்யும் புகையும் கலந்து எழுந்த வாசத்தில் பக்கத்து மாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பொங்கலை நான் பிறகு சாப்பிட்டதே இல்லை. காக்கிமா வீட்டிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிய பாட்டிஷாப்டா வந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு, சாமான் கட்ட வாங்கிப்போட்டிருந்த வைக்கோலில் படுத்துத் தூங்கிப்போனேன்.

கடைசிச் சிக்கல் அம்மிக்கல். கல்யாணமான புதிதில் அம்மா ஊரிலிருந்தே அதைக் கொண்டுவந்திருந்தாள். இப்போது எடையைப் பார்த்து அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ரெண்டு நாள் அம்மா யாரோடும் சரியாகப் பேசவில்லை. விஷயம் தெரிந்ததும் காக்கிமா, “கல்லை நான் வைத்துக்கொள்கிறேன், நீ என்னோடு வா” என்று அவளைக் காளிகாட் கடைகளுக்குக் கூட்டிப்போனாள். ஒரு ஷில்லும் குழவியும் வாங்கித் தந்தாள். மேலே கூம்பிய தட்டைக்கல். அம்மியில் பாதி கனம்கூட இல்லை. முகமெல்லாம் பொடிப்பொடியாகக் கொத்தியிருந்தது. உச்சியில், செதிலும் கண்ணுமாக ஒரு மீன்.

ஹௌரா ஸ்டேஷனையும் மெட்ராஸ் மெயிலையும் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் நினைவில்லை. சில்கா ஏரி வெளிச்சமும், கோதாவரிப் பாலத்தில் எல்லாரும் காசு எறிந்ததும், எழும்பூரில் இன்னொரு வண்டிக்குக் காத்திருந்ததும் துண்டு துண்டாக வருகிறது.

பாளையங்கோட்டையில் பெட்டிகளைத் தார்சாவில் வைத்து ஆணி பிடுங்கினார்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்த ஆச்சி, வைக்கோலுக்குள்ளிருந்து ஷில் வெளியே வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். “ஏட்டி, சைவ வீட்டு அடுக்களைக்கு மீனையா கொண்டாந்திருக்க?”

“கல்லு மீனுதான அத்தை. ஒரு துவையல் அரைச்சுப் பாருங்க.”

ஆச்சி பாராததுபோல் போய்விட்டாள். கொஞ்சநாள் அது சுவரோரம் சாய்ந்து நின்றது. பிறகு ஒரு மத்தியானம் அடுக்களையில் கானத்துவையல் வாசம். எட்டிப் பார்த்தால், காலை நீட்டி உட்கார்ந்து ஆச்சி அதில்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். “கொத்து நல்லா விழுந்திருக்கு” என்றாள், யாரையும் பாராமல்.

ஒரு வருஷம் போல் கழித்து, கொத்து தேய்ந்துபோய், தெருவில் போன அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டோம். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மீனையும் சேர்த்துக் கொத்திச் சமப்படுத்திவிடட்டுமா என்று கேட்டார்.

“மீனத் தொடாதீரும்” என்றாள் ஆச்சி. “அதைச் சுத்திக் கொத்தும்.”