அம்மாவின்ர பிறஷர் மெசின்

காலை ஆறு மணிக்கு அப்பாவின் கோல் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். "பிள்ளை, 168 காட்டுது. இன்னொரு அரைக் குளிசை போட்டிட்டன்."

அன்றைக்கு மட்டும் இல்லை, இரண்டு கிழமையாகவே போட்டிருக்கிறார். முதல்நாள் குளியலறையில் தலைசுற்றி பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதையும் அவர் சொல்லவில்லை. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிற தம்பிதான் சொன்னார். குடும்ப டொக்டரிடம் போனபோது 134தான். "அவையின்ர மெசின் பழசு" என்றார் அப்பா.

என்னுடைய வேலையே இதுதான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பிறஷர் சென்சார்களைச் சரிபார்க்கிறேன். 0, 25, 50, 75, 100 வீதம் என்று அழுத்தம் கொடுத்து, ஏற்றியும் இறக்கியும் பார்ப்போம். 4 மில்லியம்பியரில் தொடங்கி 20இல் முடிய வேண்டும். புதிதாக வருகிற பெடியள், எண் பிழை என்றதுமே சீரோவைத் திருத்தப் போவார்கள். நான் விடமாட்டேன். பிழை பெரும்பாலும் சென்சாரில் இருக்காது: குழாய் கசியும், இல்லை அடைபட்டிருக்கும், இல்லை பூட்டிய உயரம் மாறியிருக்கும். அதைப் பார்க்காமல் திருத்தினால் நல்ல சென்சாரையும் கெடுத்துவிடுவோம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே, அப்பாவுக்கு மட்டும் "குளிசையைக் குறையுங்கோ, கூட்டுங்கோ" என்று ஃபோனில் கத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கலிபிரேட்டரோடு போனேன். கஃப்பை ஒரு பால்மா ரின்னில் சுற்றி, குழாயில் ஒரு டீ இணைப்புப் போட்டு, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 150இலும் 100இலும் வித்தியாசம் இரண்டைத் தாண்டவில்லை. (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம். அடுத்தமுறை டொக்டரிடம் போகும்போது மெசினையும் கொண்டுபோய், ஒரே கையில் மாறிமாறி அளந்து பார்த்தால் போதும்.)

"இப்ப நீங்க எப்பவும் அளக்கிற மாதிரி அளவுங்கோ அப்பா" என்றேன்.

தேத்தண்ணி போட்டுவிட்டு வந்து, இருந்த கையோடு பட்டனை அமத்தினார். பதிந்த சோபா, கை தொடைக்குப் பக்கத்தில் தொங்குது. ஸ்வெற்றருக்கு மேல் கஃப். ஒரு பக்கம் சித்தப்பாவோடு ஸ்பீக்கரில் கதை. இதயத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் கீழே கை இருந்தாலே ஏழெட்டு கூடிக் காட்டும். தாங்கியின் அடியில் பூட்டிய சென்சார் மேலே நிற்கிற தண்ணீரையும் சேர்த்துக் காட்டுவது போலத்தான்.

ஆனால் பெரிய பிழை கஃப். அதில் 17–22 என்று அச்சடித்திருந்தது. அப்பாவின் புயத்தை அளந்தேன், 33. கஃப் சின்னன் என்றால் எண் ஏறித்தான் வரும்.

"இது அம்மாவின்ர கஃப் எல்லே?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "ஒவ்வொரு நாளும் நான்தானே அவவுக்குக் கட்டி விடுறனான்" என்றார்.

அன்று பின்னேரமே பெரிய கஃப் வாங்கி வந்தேன். கதிரையில் முதுகைச் சாய்த்து, கால் நிலத்தில் படிய, கையை மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். பேசாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம். 137/80. ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப, 135.

அரைக் குளிசைக் கதையை டொக்டரிடம் அவரே சொல்ல வேண்டும் என்றேன். திங்கட்கிழமை சொன்னார். நான் வெளியில் காரில் இருந்தேன்.

பழைய கஃப்பை எறியவில்லை. மடித்து, அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.