மகாராஜாவை வைத்து விமானம் விற்றவர்

"மார்க்கெட்டிங்கா? வீடு வீடாப் போய் சோப்பு விக்கப் போறியா?"

பி.காம். முடித்ததும் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கப் போகிறேன் என்றதற்கு அப்பா கேட்ட கேள்வி இது. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். மகன் சி.ஏ. எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போய்விட்டேன். அப்புறம் ஒரு பதில் கிடைத்தது. பதிலின் பெயர் பாபி கூக்கா.

எஸ்.கே. கூக்கா 1938ல் டாடா ஏர்லைன்ஸில் சேர்ந்தவர். 1946ல் அந்த நிறுவனம் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. கூக்கா அதன் வணிக இயக்குநர் ஆனார். அவர் விமானியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. டிக்கெட் விற்பதுதான் அவர் வேலை.

அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பாருங்கள். ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. போட்டிக்கு நின்றவர்களோ பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள். இன்று போல "பாதி விலை" என்று விளம்பரம் கொடுக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் சர்வதேசக் கட்டணத்தை விமானக் கம்பெனிகள் ஐ.ஏ.டி.ஏ. அமைப்பில் கூடிப் பேசி முடிவு செய்யும், அரசுகள் ஒப்புதல் கொடுக்கும். எல்லாருக்கும் ஒரே ரேட்.

வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்யும் நான்கு 'பி'க்களில் 'பிரைஸ்' கையில் இல்லை. காலி சீட்டை நாளைக்கு விற்கலாம் என்று எடுத்து வைக்கவும் முடியாது. விமானம் மேலே ஏறியதும் அந்தச் சீட்டின் மதிப்பு பூஜ்யம்.

கூக்கா என்ன செய்தார்? 1946ல் விமானத்தில் கொடுக்கும் குறிப்புத்தாளில் அச்சிட, ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவோடு சேர்ந்து ஒரு உருவத்தை உருவாக்கினார். தலைப்பாகை, பெரிய மீசை, கைகூப்பியோ குனிந்தோ ஒரு வரவேற்பு. அவர்தான் ஏர் இந்தியா மகாராஜா. பிறகு போஸ்டர்களில் ஊருக்கு ஒரு வேஷம் போட்டார். ஜப்பான் என்றால் சுமோ மல்லர்! "எங்களிடம் வந்தால் உங்களை விருந்தாளியாக நடத்துவோம்" என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொன்ன படம் அது.

போன வாரம் அப்பாவிடம் அந்தப் படத்தை மட்டும் காட்டினேன். இதுவரை விமானம் ஏறாதவர் சட்டென்று "ஏர் இந்தியா" என்றார்.

"இதுதாம்ப்பா மார்க்கெட்டிங்."

அப்பா விடவில்லை. "சரிதான். ஆனா கம்பெனி நட்டத்துல போச்சே?"

கணக்கர் கேட்கும் கேள்வி! உண்மைதான். 2007ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்த பிறகு நட்டமும் கடனும் ஏறிக்கொண்டே போய், 2022 ஜனவரியில் நிறுவனம் திரும்ப டாடாவிடம் வந்தது. மகாராஜா எவ்வளவு குனிந்து வணக்கம் போட்டாலும் கடன் அடையாது. பயணியை வாசல் வரை கூட்டி வருவது மார்க்கெட்டிங். உள்ளே கணக்கு சரியாக இல்லாவிட்டால் அந்த வரவேற்பும் வீண்தான்.

அதனால் நான் வெறுத்து ஒதுக்கிய காஸ்டிங் புத்தகத்தை இந்த செமஸ்டரில் ஒழுங்காகப் படிக்கிறேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். கட்டணம் அப்பாதான் கட்டினார். ரசீதை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.